ஸ்டோர் மேல்மாடியில் ஒரு மழை

அவர் என்னிடம் வந்தது ஸ்பீக்கர் வாடகைக்குக் கேட்டுத்தான்.

பதுளையில் சவுண்ட் செட் வாடகைக்கு விடுவது என் தொழில். கோயில் திருவிழா, தேவாலயத் திருநாள், கலியாணம், பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று எங்கே மைக் வேண்டுமோ அங்கே போவேன். லொறியின் பின்னால் ஏறி ஒரு பெண் ஸ்பீக்கர் இறக்குவதைப் பார்த்தவர்கள், "வீட்டுக்காரர் வரலீங்களா?" என்று கேட்பார்கள். எனக்கு வீட்டுக்காரர் இல்லை. வாடகை வீட்டில் அம்மாவும் நானும்தான். தோட்டத்துத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் இருந்தபோது அடிக்கடி செத்துப்போன ஒரு மைக்கைக் கழற்றிப் பார்த்ததில் தொடங்கிய வேலை இது. இன்றுவரை விடவில்லை.

வந்தவர் கொழும்பில் கண்காட்சிகள் நடத்தும் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மூடிக் கிடந்த ஸ்டோரைச் சில வாரங்களுக்குக் கேட்டு வாங்கியிருந்தார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கீழ்த்தளத்தில் ஓவியங்கள், நடுத்தளத்தில் புகைப்படங்கள், தொடக்க விழாவுக்கு மைக்கும் ஸ்பீக்கரும். அவ்வளவுதான் அவருடைய தேவை.

இடம் பார்க்கப் போனேன். கீழே எல்லாம் பார்த்த பிறகு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வெறும் மாடி" என்றார். ஏறிப் பார்த்தேன். கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டிய நீண்ட மேல்மாடி. பலகைத் தரை, தகரக் கூரை, இரண்டு பக்கமும் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். ஒரு முனையில் நின்று கைதட்டினால் சத்தம் மறுமுனை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தது. அந்த இடத்தில் நின்றபோதுதான், பல வருடங்களாக மனதுக்குள் கிடந்த ஒன்றை இங்கே செய்யலாம் என்று தோன்றியது.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மழை திடீரென்று தலையில் விழாது. தூரத்து மலையில் முதலில் ஒரு இரைச்சல் எழும். பிறகு அந்தப் பக்கத்து லயத்து வரிசை வீடுகளின் தகரத்தில் கேட்கும். அதற்குப் பிறகு அடுத்த லயம், கொழுந்து நிறுக்கும் மடுவம், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா. ஒவ்வொரு கூரையாக ஏறி இறங்கி அது எங்கள் வாசலுக்கு வருவதற்குள், காயப்போட்ட துணிகளை எடுத்துவிடுவோம். மழை எந்த வழியாக வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே கைகாட்ட எங்களால் முடியும்.

மாடியை விட்டு இறங்கி வந்து, "இந்த மாடிய எனக்குத் தாங்க. நான் ஒண்ணு செய்யிறேன்" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார். "நீங்க சவுண்ட் பாக்கிறவங்கதானே?"

"ஆமாங்க. சவுண்டாலதான் செய்யப் போறேன். இருட்டான மாடியில ஆக்கள் நிப்பாங்க. அந்தக் கடைசியில இருந்து மழை நடந்து வரும். அவங்க தலைக்கு மேல வந்து கொட்டும். ஜன்னல் வெளிச்சமும் மழையோட சேர்ந்து மங்கிட்டே வரும்."

அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். மேலே ஏறிப் போனார். கைதட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "செஞ்சு காட்டுங்க. நல்லா வந்தா வைப்போம். வராட்டி மாடிய பூட்டிருவேன். பரவாயில்லையா?" என்றார்.

"பரவாயில்லைங்க" என்றேன்.

வெளிச்சத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. என்னோடு பாடசாலையில் படித்த தோழி பதுளை பஜாரில் தன் அப்பாவின் மின்சாமான் கடையை நடத்துகிறாள். பல்ப் விற்றது போதும், வந்து பல்ப் போடு என்றேன். "கடைய யாரு பாக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். மாடியின் ஜன்னல்களை வெளியிலிருந்து கறுப்புத் துணியால் அடைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் வெள்ளை விளக்குகளை மறைத்து வைத்தாள். சுவிட்சைப் போட்டதும் வெளியே பகல் அடிப்பதைப் போலவே இருந்தது. ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. ஒரு முனையில் மேகம் கட்டி, மறுமுனை இன்னும் வெயிலாகவே இருப்பதை அவள் எனக்குக் காட்டியபோது நான் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"விடுடீ, கரண்ட் இருக்கு" என்றாள்.

என் பக்கத்து வேலை அப்படிச் சுலபமாக அமையவில்லை. மழை வந்த ஒரு பிற்பகலில் லயத்துக் கூரைக்குக் கீழே மைக்கை வைத்துப் பதிவு செய்தேன். மாடியில் போட்டுக் கேட்டோம். தோழி முகத்தைச் சுளித்தாள். "யாரோ வடை சுடுறாங்க."

உண்மைதான். பதிவு செய்த மழை எண்ணெய்ச் சட்டிபோலவே கேட்டது. எத்தனை ஸ்பீக்கரில் பிரித்துப் போட்டாலும் எண்ணெய்ச் சட்டி பெரிதானதே தவிர, மழை நடக்கவில்லை. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் மழைக்கென்று தனிச் சத்தம் இல்லை என்று புரிந்தது. தகரத்தில் விழுந்தால் தகரத்தின் சத்தம், பிளாஸ்டிக் பீப்பாயில் விழுந்தால் பீப்பாயின் சத்தம், தேயிலையில் விழுந்தால் இலையின் சத்தம். எனக்கு வேண்டியது மழை விழும் பொருட்கள்.

பழைய கூரைத் தகரங்களைச் சேர்த்தேன். அவற்றை மாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, ஆட்களின் தலைக்கு மேலே, லயக் கூரைகள் சரிவதைப்போல வரிசையாகத் தொங்கவிட்டோம். கூம்பு இல்லாத ஒருவகைச் சின்ன ஸ்பீக்கர் உண்டு. அதை எதில் ஒட்டினாலும் அந்தப் பொருளையே அதிரவைத்துப் பேச வைக்கும். ஒவ்வொரு தகரத்திலும் ஒன்று ஒட்டினேன். அதற்கு மழைச் சத்தத்தைக் கொடுத்தால் இரட்டிப்பாகக் கேட்டது. அதனால் துளி விழும் தட்டல் ஒலியை மட்டும், வேறு எந்த எதிரொலியும் இல்லாமல், கொடுத்தேன். மீதியைத் தகரமே சொல்லிக்கொண்டது. இடையிடையே பீப்பாய்களும், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குகளும் வைத்தோம். லெப்டொப்பில் துளிகள் முதலில் கடைசித் தகரத்தில் ஒன்றிரண்டாக விழும். பிறகு கூடும். அது நிரம்புவதற்குள் அடுத்த தகரத்தில் முதல் துளி விழும்.

முதல் முறை முழுவதும் ஓடவிட்ட அன்று கொழும்புப் பெண் மாடியின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மழை அவரை நெருங்கியபோது கையிலிருந்த பையைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தார். பிடித்தது தெரிந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார். "மாடி உங்களுக்குத்தான்" என்றார்.

அந்த சந்தோஷத்தில் மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷின்களுக்கு நடுவில் பல வருடம் வேலை செய்தவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கத்துகிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் கொடுத்த காதுக் கருவி விசில் அடிக்கிறது என்று அலுமாரியில் வைத்துவிட்டார். முகத்தைப் பார்த்துப் பேசினால் உதடு அசைவதை வைத்துப் பிடித்துக்கொள்வார். நான் அவரிடம் பாதி வாயாலும் பாதி கையாலும் பேசுவேன்.

மாடியில் அவரை நடுவில் நிற்க வைத்தேன். எல்லாம் ஓடி முடிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"லைட்டு நல்லா செஞ்சிருக்கா புள்ள" என்று தோழியைக் காட்டினார். பிறகு மேலே தொங்கிய தகரங்களைப் பார்த்து, "இதெல்லாம் இனிமேதான் கூரையில மாட்டுவீங்களா?" என்றார்.

தோழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அம்மாவுக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்துதானே கூட்டிப்போனேன். ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஒரே எரிச்சல். யார்மேல் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே மழை பிடித்தது. அம்மா சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் துணி எடுக்க ஓடுவது ஜன்னலில் தெரிந்த பிறகுதான் அவரும் எழுந்து ஓடினார். பாதித் துணி நனைந்துவிட்டது. என்னைப் பார்த்து, சொல்லக் கூடாதா என்பதுபோலக் கையை விரித்தார்.

அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். என் மழை அம்மாவுக்கும் வர வேண்டும்.

கொழும்புப் பெண்ணுக்குப் போன் எடுத்தேன். "இன்னும் ஒரு வேலை இருக்குங்க. தரையிலயும் மழை வரணும். காது கேக்காதவங்களுக்குக் கால் வழியா தெரியணும்."

"ஐயோ, இப்ப இருக்கிறது அவ்வளவு நல்லா இருக்கு. இனி கை வைக்காதீங்க, தொடக்கத்துக்கு நாள் இல்ல" என்றார். பிறகு, "காது கேக்காதவங்க வந்தா படிக்கிறதுக்கு ஒரு விளக்க அட்டை வைப்போமே" என்றார்.

"எங்கம்மாவுக்கு அட்டை வேணாங்க. மழைதான் வேணும்."

அவர் பெருமூச்சு விடுவது கேட்டது. "மேல இருக்கிறது கெடாம செய்வீங்களா?"

"செய்வேன்."

எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் அந்தச் சின்ன ஸ்பீக்கர்களையே தரைப்பலகையின் அடியில் ஒட்டிப் பார்த்தேன். ஆள் ஏறி நின்றதும் ஒன்றும் தெரியவில்லை. அவற்றுக்கு அவ்வளவு வலு இல்லை. என் கடையில் கூம்பு கிழிந்து ஒதுக்கிய பெரிய பேஸ் ஸ்பீக்கர்கள் குவிந்து கிடந்தன. கூம்பை அறுத்தெடுத்து, உள்ளே ஏறி இறங்கும் காயிலின் மேல் இரும்புத் துண்டை ஒட்டி, அதைத் தலைகீழாகப் பலகையில் பூட்டினேன். இப்போது வலு இருந்தது. ஆனால் மாடித் தரை முழுவதும் ஒரே பலகைக் கட்டு. ஒரு முனையில் அதிரவைத்தால் மறுமுனையிலும் அதே நேரத்தில் அதிர்ந்தது. மழை நடக்கவில்லை. மாடி நடுங்கியது. கீழே புகைப்படங்களை மாட்டிக்கொண்டிருந்த மனிதர் நிலநடுக்கம் என்று வெளியே ஓடிவிட்டார்.

தரையை அறுக்க முடியாது. அப்படியென்றால் தரைமேல் வேறு தரை போட வேண்டும். இரண்டு பேர் நிற்கக்கூடிய அளவில் தனித்தனிப் பலகை மேடைகள் செய்யச் சொன்னேன். ஒன்றின் அதிர்வு இன்னொன்றுக்குப் போகாமல் இருக்க அவற்றின் அடியில் எதை வைப்பது? ஸ்பஞ்ச் வைத்தோம், நசுங்கியது. தேங்காய்த் தும்பு வைத்தோம், பலகை ஆடியது. பஜாரில் டயர் கடையைத் தாண்டிப் போகும்போது தோழி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இது?" என்றாள். தேய்ந்த லொறி டயர்களைப் பட்டை பட்டையாக அறுத்து வாங்கி வந்தோம். இரண்டு நாளைக்கு எங்கள் கையிலும் தலையிலும் ரப்பர் வாடை.

டயர் பட்டைமேல் மேடையை வைத்து அதிரவைத்தேன். அடுத்த மேடையில் கால் வைத்துப் பார்த்தேன். அமைதியாக இருந்தது.

அதற்குப் பிறகு மழையைக் காலுக்கு ஏற்ற மாதிரி செய்ய வேண்டியிருந்தது. ஒரு மேடையைக் கடைக்குக் கொண்டுவந்து அம்மாவை வெறுங்காலோடு ஏற்றினேன்.

"என்னா தெரியுது?"

"பஸ்ஸுல நிக்கிற மாதிரி இருக்கு."

மாற்றினேன். "மாவு சலிக்கிற மாதிரி" என்றார். இன்னும் மாற்றினேன். "பூன சத்தம் போடுமே, தடவுனா, அது மாதிரி." நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கோ இது நல்ல விளையாட்டாகிவிட்டது. சமைத்து முடித்ததும் கடைக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நிற்பார். விடாத இரைச்சலைக் கொடுத்தால் கால் மரத்துப்போய் எதையும் பிரித்துச் சொல்வதில்லை என்று மெதுவாகக் கண்டுகொண்டேன். துளிகளுக்கு நடுவே இடம் விட வேண்டியிருந்தது. தூறலை நீக்கிவிட்டுக் கனத்த துளிகளை மட்டும் வைத்தேன், ஒழுங்கில்லாமல், ஒன்று இங்கே, இரண்டு அங்கே.

அம்மா குனிந்து காலைப் பார்த்தார். "யாரோ கூரையில கல்லு போடுறாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல. பெரிய மழைக்கு முன்னாடி விழுமே, அது" என்றார்.

மேடைகளை எல்லாம் மாடியில் வரிசையாகப் பரப்பி, தகரத்தில் விழும் துளிக்கும் பலகையில் விழும் துளிக்கும் நேரத்தைச் சேர்த்த பிறகு அம்மாவை மீண்டும் அழைத்துப் போனேன். நடுவில் இருந்த மேடையில், ஜன்னல் எதையும் பார்க்காதபடி சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்லவில்லை. தோழி விளக்குகளை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தாள். காலை மட்டும் சோதிக்க வேண்டும் என்பதற்காக.

தூரத்து மேடைகள் அதிரத் தொடங்கின. அம்மாவிடம் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கியது. அப்போது அம்மா தன் இடது காலை அழுத்தி வைத்தார். முகம் மாறியது. மெதுவாகத் திரும்பி, மழை வந்த பக்கத்தைச் சரியாகப் பார்த்தார். அடுத்த மேடையில் அது விழுந்தது. பிறகு அவர் காலுக்குக் கீழேயே கொட்டியது. அம்மா புடவைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

நான் லெப்டொப்புக்குப் பின்னால் குனிந்து அழுதேன். தோழியும் அழுதாள் என்று நினைக்கிறேன். ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"துணி காயப்போட்டுட்டு வந்தேனே" என்றார் அம்மா, சிரித்துக்கொண்டே.

தொடக்க விழாவைப் பிற்பகலில் வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து கலைஞர்கள், பதுளையிலிருந்து ஆசிரியர்கள், அதிகாரிகள், பெரிய வகுப்பு மாணவர்கள் என்று ஸ்டோர் நிறைந்துவிட்டது. பேச்சுகள் முடிந்து மாடிக்கு ஏறப் போகும் நேரம் வானம் கறுத்தது. நிஜ மழை வந்தது. சாதாரண மழை இல்லை. அந்தப் பெரிய தகரக் கூரைமேல் அது விழுந்தபோது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. மேலே ஏறி என் தகரங்களை ஓடவிட்டேன். வாயசைக்கும் ஊமைகளைப்போலத் தொங்கின. எம்பிளிபயரை முழுவதும் ஏற்றினாலும் வானத்தோடு போட்டி போட முடியாது.

கொழும்புப் பெண் என் காதுக்குள் கத்தினார். "ரத்து பண்ணிருவோம்! நாளைக்கு வரச் சொல்லுவோம்!"

தோழி கூரை ஒழுகும் இடங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். வயர் போன பக்கம் எங்கும் ஈரம் இல்லை என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நான் கொழும்புப் பெண்ணின் காதில் கத்தினேன். "கரண்ட் இருக்கு! பலகை காஞ்சிருக்கு! ஏத்துங்க ஆக்கள!"

"ஒண்ணுமே கேக்காதுங்களே!"

"கேக்க வேணாம்! செருப்ப கழட்டிட்டு நிக்கட்டும்!"

அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். பிறகு போய்க் கதவைத் திறந்தார்.

செருப்பைக் கழற்றச் சொல்வது எப்படி? யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. படிக்கட்டின் மேல்படியில் நின்றுகொண்டிருந்த அம்மா வேலையைக் கையிலெடுத்தார். காலைக் காட்டினார், செருப்பைக் காட்டினார், ஓரத்தைக் காட்டினார். யார் எந்த மேடையில் நிற்க வேண்டும் என்று சுட்டினார். கோட் போட்ட ஒரு அதிகாரி சப்பாத்தோடு ஏறப் போனபோது அவர் தோளைத் தட்டி நிறுத்தினார். கையால் பேசிப் பழகியவர் அங்கே என்னை விட்டால் அம்மா ஒருவர்தான். எல்லோரும் அவருக்குக் கீழ்ப்படிந்தார்கள்.

வெளியே கொட்டிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவே என் மழையைத் தொடங்கினேன். கடைசி ஜன்னல் மங்கியது. கடைசி மேடையில் நின்ற இரண்டு மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த மேடையில் நின்றவர் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு அடுத்தவர். மாடியின் நீளத்துக்கும் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புவதை நான் பார்த்தேன். தங்களை நோக்கி ஒன்று வருகிறது என்று தெரிந்துகொண்டு, ஆட்கள் அது வரும் பக்கமாகத் திரும்பி நின்று காத்திருந்தார்கள். வந்து சேர்ந்ததும் சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த அதிகாரி வெறுங்காலோடு இரண்டாவது முறைக்கும் நின்றார்.

எனக்கு நிம்மதி. அதோடு வருத்தமும் இருந்தது. அவ்வளவு பாடுபட்டுப் பேச வைத்த தகரங்களை அன்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் வெயில் அடித்தது. தகரங்களும் பலகைகளும் சேர்ந்து வேலை செய்தன. வந்தவர்கள் மேலே பார்த்து வாயைத் திறந்தார்கள். அப்போதுதான் மனம் ஆறியது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அந்தத் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்காகத்தான் நான் அதிகம் பயந்தேன். தினமும் மழையில் நனைகிறவர்களுக்கு மழையைக் காட்டுவது கேலியாகிவிடக் கூடாது. ஆனால் சிரிப்பும் சத்தமுமாக ஏறினார்கள். "அந்தா, பத்தாம் நம்பர் மலையில பிடிச்சிருச்சு!" என்று ஒரு பெரியவர் கத்தினார். பெண்கள் இல்லாத துணிகளை எடுக்க ஓடுவதுபோல நடித்தார்கள்.

ஒரு இளம் பெண் மட்டும், மழை உச்சத்துக்குப் போன நேரத்தில், இடுப்பிலிருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிக் கதவோரம் போய் நின்றாள். ஓட்டம் முடிந்து விளக்குகள் எரிந்ததும் அவளிடம் போனேன்.

"பயந்துட்டீங்களா தங்கச்சி?"

"எங்க லயம் சரிவுக்குக் கீழ இருக்குங்க அக்கா" என்றாள். "போன வருசம் மேல மண்ணு சரிஞ்சு எங்க காம்பரா சுவத்தில வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம் மழை வந்தா நாங்க தூங்குறதில்ல. புள்ளைய மடியில வச்சுட்டு உக்காந்திருப்போம், எப்ப விடும்னு." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு சொன்னாள். "நீங்க மழைய கொண்டாந்து தலைக்கு மேல வச்சுட்டு லைட்ட போட்டுட்டீங்க. அது விட்டுச்சா இல்லையா? விடுறதுக்கு முன்னாடி எப்படி வெளிய போறது?"

நான் மழை வருவதை மட்டுமே யோசித்திருந்தேன். உச்சத்தில் சட்டென்று நிறுத்தி வெளிச்சம் போடுவது அழகாக இருக்கும் என்று நினைத்தேன். கொழும்புப் பெண்ணுக்கும் அந்த முடிவுதான் மிகவும் பிடித்திருந்தது.

"விட வைக்கிறேன்" என்றேன். "அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க."

திங்கட்கிழமை கண்காட்சி மூடியிருந்தது. நானும் தோழியும் நாள் முழுக்க மாடியில் இருந்தோம். மழை வந்த வழியே திரும்பிப் போகாது. எங்களைக் கடந்து மறுபக்கத்து மலைக்குப் போகும். முதலில் வந்த பக்கம் முதலில் வெளுக்கும். கூரை விட்ட பிறகும் ஓரத்தில் சொட்டும். பீப்பாய் கடைசி வரை பேசும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தோம். காலடியில் கனத்த துளிகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனேன், அடுத்தது வருமா என்று காத்திருந்து வராமல் போகும் வரைக்கும். கொழும்புப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டினேன். "நீளமாயிருச்சு" என்றார். "பழைய முடிவுல ஒரு அதிர்ச்சி இருந்துச்சு."

"அதிர்ச்சி அவங்களுக்கு வீட்டிலயே இருக்குங்க" என்றேன். அவர் வாசலில் எழுதி வைத்திருந்த நேரத்தைத் தானே திருத்தினார்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். கணவனையும் கூட்டிவந்திருந்தாள். கதவுக்கு மிக அருகில் இருந்த மேடையில்தான் நின்றாள். உச்சத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மழை மறுமுனையைத் தாண்டிப் போனது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. கடைசிச் சொட்டும் நின்ற பிறகு மாடியில் யாரும் அசையவில்லை. பிள்ளை மட்டும் பலகையைக் காட்டி ஏதோ சொன்னது.

"ம். விட்டுருச்சு" என்றாள் அவள். செருப்பை மாட்டிக்கொண்டு, கணவனுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.

கண்காட்சி முடிந்து தகரங்களை இறக்கும்போது கொழும்புப் பெண் வந்தார். கொழும்பில் ஒரு மண்டபத்தில் இதைத் திரும்பவும் வைக்க முடியுமா என்று கேட்டார். அழைப்பிதழில் என்னையும் தோழியையும் மற்றக் கலைஞர்களோடு ஒரே வரிசையில் போடுவீர்களா என்று நான் கேட்டேன். "அதுல என்ன சந்தேகம்?" என்றார்.

மண்டபத்தின் படங்களை அனுப்பியிருக்கிறார். கொங்கிறீட் தரை, தாழ்ந்த சீலிங், ஜன்னலே இல்லை. தோழி அதைப் பார்த்துவிட்டு, ஜன்னலையும் நாமே கட்டிக்கொண்டு போவோம் என்கிறாள். என் கடையின் பின்னால் மரவேலை நடந்துகொண்டிருக்கிறது. செருப்பு பார்த்துக்கொள்ளத் தான் வராவிட்டால் சரியாக நடக்காது என்று அம்மா இப்போதே பையை எடுத்து வைத்திருக்கிறார். கடல் பக்கத்து மழை எந்தப் பக்கமிருந்து வரும், எதன்மேல் விழும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் மைக்கோடு ரயில் ஏறுகிறேன்.